வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

16.4.1997
கீழத்தெரு, அலங்காநல்லூர் வழி

தங்கச்சி அன்னக்கொடிக்கு, அண்ணன் சுடலை சொல்லப் பக்கத்து வீட்டு வீரணன் எழுதுவது.

மேலே தேதி போட்டது வீரணன். எனக்குத் தேதிக் கணக்குக் கிடையாது. அந்தியில் மேற்கே வால் நட்சத்திரம் தெரிகிற வருஷம் இது. டில்லியில் ஆட்சி கவிழ்ந்துவிட்டதாக ரேடியோவில் சொல்கிறார்கள். நம் எம்.எல்.ஏ., தன்னை மந்திரியாக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, ஜெயித்து வருஷம் திரும்புமுன் மாசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரி முத்துத்தாய் இல்லாமல் வீட்டுக்கு வந்த முதல் சித்திரையும் இதுதான். ஊர் எதை வைத்து இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமோ, எனக்குக் கடைசியில் சொன்னதுதான்.

வீரணன் கண்டக்டராகப் போகும் பஸ்ஸில் நாகமலை புதுக்கோட்டைப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்களாம். பாண்டிமீனாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, பையன் பெயர் சித்தார்த், யூனிவர்சிட்டியில் வேலை என்றார்களாம். ஒருத்தி, பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா என்று கேட்டிருக்கிறாள். மற்றவள் சொன்னதை வீரணன் சொல்லமாட்டேன் என்றான். நான் விடவில்லை. "இருக்காரு, இருந்து என்னத்துக்கு"ன்னு சொன்னாளாம்.

என் மருமகளுக்குக் கல்யாணம் என்பதை டிக்கெட் கிழிக்கிறவன் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கிறது. உன் ஊருக்கு இங்கிருந்து இரண்டு பஸ்தான். ஆனால் என் வாசலை மிதிக்காதே என்று நீ சொல்லிப் பிள்ளை கல்யாண வயசுக்கே வந்துவிட்டாள். வாசலைத்தானே மிதிக்கக்கூடாது, கடுதாசி வரலாமே என்று வீரணன்தான் யோசனை சொன்னான்.

மழைக்காலத்தில் முத்துத்தாயைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனபோது வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பாடையின் முன்கால் என் தோளில். எதிர்க்கரையில், பாலமாகக் கிடக்கிற பனைமரத்துக்குப் பக்கத்தில் நீ நனைந்துகொண்டு நின்றாய். வீட்டுக்கு வரவில்லை, அவளைப் பார்க்க வந்தாய். நான் பார்த்தது உனக்குத் தெரியும். நீ பார்த்தது எனக்குத் தெரியும்.

கல்யாணம் என்றைக்கு? அதை மட்டுமாவது சொல்.

சுடலை

---

24.4.1997
நாகமலை புதுக்கோட்டை

அண்ணனுக்கு அன்னக்கொடி எழுதுவது.

இது என் கையெழுத்து. அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தேன். உன்னைப் போல ஆள் வைத்து எழுதவில்லை. வீரணா, நீ இதை அப்படியே வாசிக்க வேண்டும். கூட்டிக் குறைத்து வாசிக்காதே.

கல்யாணம் ஜூன் 4 புதன்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பத்தரை. இங்கே பிள்ளையார் கோயில் மண்டபத்தில்.

என் பிள்ளை ஆளானபோது மாமன் பச்சை ஓலையோடு வந்து குச்சு கட்டணும் என்று மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்கார வைத்தேன். காலையில் வருவாய் என்றேன். மத்தியானம் வருவாய் என்றேன். அவள் பசியோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எதிர்வீட்டு ஆள் குச்சு கட்டினார். மாமன் இருக்கும்போது அடுத்தவன் கட்டிய குச்சில் என் மகள் இருந்தாள். என் மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

உனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு முத்திருளன் சித்தப்பாவின் பிணத்தை மேலத்தெருக்காரர்கள் வரப்பிலேயே மறித்தார்கள். தாசில்தார் வரும்வரை பாடையைத் தோளில் வைத்து நின்றாய். அப்புறம் தீட்டு என்று வரவில்லை. சித்தப்பாவும் நமக்கு வேண்டியவர்தான். நான் இல்லை என்று சொன்னேனா. ஆனால் உனக்கு அந்தச் சுடுகாட்டுப் பாதைதான் கூடப் பிறந்தது. நான் இல்லை.

நீ வந்தால் வா. வராவிட்டால் மாமன் மாலை போட என் வீட்டுக்காரருடைய அத்தை மகன் இருக்கிறார். இவர் போய்ச் சேர்ந்துவிட்டாலும் இவர் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்னக்கொடி

---

9.5.1997
கீழத்தெரு

தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை வீரணன் வாசித்தான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். திட்டுகிற இடத்தில் அவன் குரல் இறங்கியது. சத்தமாகவே வாசிடா, அவள் அப்படித்தான் பேசுவாள் என்றேன். உன் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று.

வருகிறேன் என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பேன். அதற்குள் இடைத்தேர்தல் தேதி வந்துவிட்டது. அதே ஜூன் நாலு, அதே புதன்கிழமை.

நம் தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. எரியாத விளக்கெல்லாம் எரிகிறது. பைப்பில் பகலிலும் தண்ணீர். டாக்டர் வேன் வந்து காது குடைந்து பார்த்துவிட்டுப் போகிறது. வீரணன் வீட்டில் ஒரு மந்திரி கேப்பைக்கூழ் கேட்டு வாங்கிக் குடித்தார். போட்டோ எடுத்ததும் சொம்பைக் கொடுத்துவிட்டார், பாதிக் கூழ் அப்படியே இருந்தது. "நம்ம வீட்டு நாய்க்கி நல்ல காலம்"னு வீரணன் பெண்டாட்டி சொன்னாள்.

எது கேட்டாலும் சரி என்கிறார்கள். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டால் மட்டும் தேர்தல் முடியட்டும் என்கிறார்கள். பழைய பாதையை நான் இளவட்டமாக இருந்தபோதே உழுது சேர்த்துக்கொண்டவர் மேலத்தெருப் பெரியவீட்டுக்காரர். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அவர் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. அவரை யார் பகைப்பார்?

அதனால் தெரு கூடிப் பேசியது. முத்தாலம்மன் முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்திருக்கிறோம். நம் தெருவுக்கு ஓட்டுச்சாவடி மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில், வாய்க்காலைத் தாண்டித்தான் போக வேண்டும்; பஸ் ரோட்டுக்கும் அதே வழிதான். அன்றைக்கு விடிந்ததிலிருந்து பெட்டிக்குச் சீல் வைக்கிறவரை எங்களில் ஒருவரும் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. பனைமரத்தையும் புரட்டி நம் கரையில் போட்டுவிடுவது. முதல் சூடம் தொட்டவன் நான். வயசில் மூத்தவன் என்று என்னைத்தான் தொடச் சொன்னார்கள்.

கல்யாணத்தை ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா? கேட்கக் கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

சுடலை

(வீரணன் எழுதுவது: அக்கா, இதை எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை.)

---

15.5.1997
நாகமலை புதுக்கோட்டை

அண்ணனுக்கு,

தள்ளி வைக்க முடியாது. எம்.எல்.ஏ. கோபித்துக்கொண்டு போனதற்கு என் மகள் கல்யாணத்தைத் தள்ள வேண்டுமா. அவரை யார் கோபிக்கச் சொன்னது. மாப்பிள்ளை வீட்டில் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்கள். அதை விட்டால் ஆவணிக்குத்தான் நாள் இருக்கிறது என்கிறார்கள்.

பத்திரிகை சிம்மக்கல்லில் அடித்தாயிற்று. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். கீழே வலது பக்கம் வீரணனை விரல் வைத்துக் காட்டச் சொல். தாய்மாமன் சுடலை என்று இருக்கும். உன் கடுதாசி வருவதற்கு முந்தியே போட்டேன். நீ முதல் கடுதாசி எழுதுவதற்கும் முந்தி.

இப்போது அந்தப் பேரை எதை வைத்து அழிக்கட்டும்?

பாண்டிமீனாவிடம் உன் தேர்தல் கதையைச் சொன்னேன். மாமன் மாலை விழாமல் மணவறை ஏறமாட்டேன் என்கிறாள். அப்பாவோட அத்தை மகன் போடுவார்டி என்றேன். "அப்பவும் இன்னொரு ஆளு, இப்பவும் இன்னொரு ஆளா"ன்னு கேட்டாள். அவளுக்குப் பதில் நீ சொல்.

அன்னக்கொடி

---

28.5.1997
கீழத்தெரு

ஆத்தா அன்னக்கொடி,

பத்திரிகையில் என் பேர் இருக்கிற இடத்தை வீரணன் காட்டினான். எழுத்து எனக்குக் கோடும் சுழியும்தான். ஆனால் அந்த இடம் எங்கே என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன்.

ஒரு சங்கதி நடந்திருக்கிறது. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நேற்றுக் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, சொன்னாலும் ஒன்றுதான். வந்ததும் "மாமா"ன்னு கூப்பிட்டார். இத்தனை நாள் என்னை "ஏய்" என்று கூப்பிட்ட வாய் அது. மருமகளுக்குக் கல்யாணமாமே என்றார். புதன்கிழமை விடியுமுன்னே கார் அனுப்புகிறேன், பட்டு, மாலை, சீர்த்தட்டு எல்லாம் காரிலேயே இருக்கும், போய் மாமனாக நின்றுவிட்டு நிதானமாக வாருங்கள் என்றார். ஓட்டுப் போடச் சொல்லவில்லை. பனைமரத்தை எடுக்கச் சொல்லவில்லை. நான் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருந்தால் போதும். சூடத்தை முதலில் தொட்டவனே காரில் ஏறிப் போய்விட்டான் என்றால் அப்புறம் யார் நிற்பார்கள்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் சொன்னது வாய்தான். உடம்பு முழுக்க அந்தக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்து மடிப்புப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்.

தீட்டு என்று ஒரு தடவை வராமல் இருந்தேன். சத்தியம் என்று இன்னொரு தடவை வராமல் இருந்தால் எனக்கு மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது. பிள்ளையும் இல்லை, முத்துத்தாயும் இல்லை. ஊருக்கு நான் என்னவாக இருந்தாலும் வீட்டுக்குள் வந்து என்னை அண்ணன், மாமன் என்று முறை சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

அதனால் உன்னிடம் விடுகிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. காரில் ஏறிவிடுகிறேன். தெரு என்னைப் பார்த்துத் துப்பினாலும் துப்பட்டும். நீ என்ன எழுதினாலும் அதன்படி செய்கிறேன்.

வீரணன் இதை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனும் சூடம் தொட்டவன்தான்.

சுடலை

---

31.5.1997
நாகமலை புதுக்கோட்டை

அண்ணனுக்கு,

கார் ஏறாதே.

அந்தக் காரில் வந்து இறங்குகிற மாமன் என் மகளுக்கு வேண்டாம். முத்துத்தாய் மதினியைத் தண்ணீருக்குள் கொண்டுபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை குளித்து வேட்டி கட்டி வாய்க்கால் கரையில் நில். மாலை மட்டும் நீ வாங்கு. கதம்பம் வேண்டாம். சம்பங்கி வாங்கு. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

அன்னக்கொடி

---

8.6.1997
கீழத்தெரு

தங்கச்சி அன்னக்கொடிக்கு,

நேரில் பார்த்துக்கொண்டோம், அப்புறம் எதற்குக் கடுதாசி என்று வீரணன் கேட்கிறான். நேரில் நான் என்ன பேசினேன்? பந்தியில் உனக்கு அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான் பேசினேன். மிச்சத்தை இதில் சொல்கிறேன்.

நீ சொன்னபடி கரையில் நின்றேன். தெரு மொத்தமும் நின்றது. பனைமரம் எங்கள் பக்கம் கிடந்தது. எதிர்க்கரையில் போலீஸ் இரண்டு பேர், கட்சிக்காரர்கள், பத்திரிகைக்காரன் ஒருவன். பள்ளிக்கூடத்துக்குள் ஆபீசர் நம் தெருப் பெட்டியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் திறந்துவிட்ட நேரம், வாய்க்கால் நிறைய ஓடியது.

அப்போதுதான் ரோட்டில் வேன் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஆட்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். நம் தெருக்காரர்கள் வெளியூரிலிருந்து ஓட்டுப் போட வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கட்சிக்காரர்கள் வாக்காளர் பேர் எழுதின சீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கட்சிக்காரன் ஒரு பக்கம் கையைப் பிடிக்கிறான், இந்தக் கட்சிக்காரன் மறுபக்கம் பிடிக்கிறான். ஆபீசர் அவசரமாக மைப்புட்டியைத் திறந்தாராம். அதற்குள் மேளம் கொட்டிவிட்டது. ஒரு கட்சிக்காரர் சீட்டை உன் சம்பந்தி கையில் திணித்திருக்கிறார், அவர் அதை மொய்க் கவர் என்று நினைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். நேற்றுவரை தெருவில் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

என் மருமகளைக் கூறைப்புடவையில் அந்தக் கரையில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலத்தைப் போடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். சீல் வைக்காமல் போடக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். பாண்டிமீனா யாரையும் கேட்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வாய்க்காலைத் தாண்டமாட்டேன் என்றுதான் நான் சத்தியம் செய்தேன், இறங்கமாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் மாலையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடுவில் நின்று அவள் கழுத்தில் போட்டேன். "மாமா, தண்ணி இழுக்குது, கையப் பிடிங்க"ன்னு சொன்னாள். குழந்தையில் பார்த்த முகம். என்னை மாமா என்று கூப்பிட அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீதானே.

அவளை நம் பக்கம் கரையேற்றிவிட்டுத் திரும்பினால் நீ இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறாய். முத்துத்தாய் போன அன்றைக்கு நின்ற அதே இடம். நான் கையை நீட்டினேன். நீ பிடிக்கவில்லை. "தள்ளு, எனக்குத் தெரியாத வாய்க்காலா"ன்னு சொல்லிக்கொண்டே தண்ணீரில் காலை வைத்தாய். நடுவில் வந்தபோது மட்டும் என் தோளைப் பிடித்தாய். பாடையின் முன்கால் இருந்த தோள் அது. உன் கை அதில் இருந்தது. அதுதான் சங்கதி.

மாப்பிள்ளை வீட்டாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். நம் முத்தாலம்மன் கோயிலில் தாலி ஏறியது. சாயங்காலம் பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். நம் தெருவிலிருந்து ஒரு ஓட்டு விழவில்லை. யாரோ ஜெயித்துவிட்டார்கள். யார் என்று வீரணன் சொன்னான், நான் கவனிக்கவில்லை.

நீ என் வீட்டுக்குள் வந்து அடுப்பைப் பார்த்து, இதிலா சமைக்கிறாய் என்று திட்டிவிட்டுத் துடைத்து வைத்தாயே, அதற்குப் பிறகு இன்னும் அதில் நெருப்பு வைக்கவில்லை. வீரணன் வீட்டில் சாப்பிடுகிறேன்.

சுடலை

---

20.6.1997
நாகமலை புதுக்கோட்டை

அண்ணனுக்கு,

அடுப்பை மூட்டிச் சமைத்துச் சாப்பிடு. அடுப்பு எரிக்கத்தான் இருக்கிறது.

சம்பந்தியை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். ஓட்டு நடக்கிற அன்றைக்கு அந்த ஊருக்கா, கூட்டமாக இருக்குமே என்றார். அந்தத் தெருவில்தான் யாருமே ஓட்டுப் போடப்போவதில்லையே, கூட்டமே இருக்காது என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு சரி என்றார். நல்ல மனுஷர். பிள்ளையார் கோயில் மண்டபத்து வாசலில் ஒரு ஆளை நிறுத்தி வருகிறவர்களை வேனில் ஏற்றிவிட்டோம்.

பாண்டிமீனா தண்ணீரில் நிற்கிற படம் பேப்பரில் வந்திருக்கிறது. நீயும் இருக்கிறாய். மாலைதான் தெரிகிறது, உன் முகம் தெரியவில்லை. கீழே எழுதியிருப்பதை நானே வாசித்தேன். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத தெரு என்று போட்டிருக்கிறான். கலெக்டர் ஆபீசில் விசாரித்தார்களாம்.

ஆடிக்குப் பிள்ளைகளை அழைக்க வேண்டும். நீ வருவாய். வாசலை மிதிக்காதே என்று சொன்னது நான் இல்லை. அது என் வாய்.

அன்னக்கொடி

---

19.10.1997
கீழத்தெரு

தங்கச்சி அன்னக்கொடிக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஏறி நீ இங்கே வரவேண்டும். மழைக்காலம், குடை கொண்டு வா. எதற்கு என்று சொல்கிறேன்.

பேப்பரில் படம் வந்ததிலிருந்து மேலே இருந்து கீழே எழுதி எழுதி, கடைசியில் வருவாய் ஆய்வாளர் பாதையை விசாரிக்க வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓட்டுப் பெட்டி இருந்த அதே அறை. பெரியவீட்டுக்காரர் வந்து, அங்கே பாதை என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது, வரப்பில் நடந்து பழகிவிட்டுப் பாதை என்கிறார்கள் என்றார். கத்திப் பேசவில்லை. பதமாகத்தான் பேசினார்.

ஆய்வாளர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். என்னை உட்காரச் சொன்னார். உழுது அழிக்குமுன் அந்தப் பாதையில் நடந்தவர்கள் யார், பேர் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். எங்கள் அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனது அதில்தான், அப்போது தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கவில்லை, கல் பாலம் இருந்தது என்றேன். பாடைக்கு முன்னால் கொட்டடித்துப் போன முத்திருளன் சித்தப்பா. அவரைக் கொண்டுபோன காலத்தில் பாதையை உழுது வெகு வருஷம் ஆகியிருந்தது, வரப்பில் போகவும் மறித்தார்கள். புல்லுக்கட்டோடு அந்த வழியாகவே வருகிற ராக்கம்மாள் பெரியம்மா, அவள் பாட்டு முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள், மஞ்சள்காமாலையில் போனாள். ஆடு மேய்த்த என் கூட்டாளிகள் மூன்று பேர், ஒருவன் லாரியில் அடிபட்டு, ஒருவன் சிலோனுக்குப் போய் அங்கேயே, ஒருவன் போன தைக்கு. முத்துத்தாய் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வழியாகத்தான் தண்ணீர் தூக்கினாள். எந்த இடத்தில் பாதை வளையும், வளைகிற இடத்தில் எந்த மரம் இருந்தது, எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டார்.

"பெரியவரே, நீங்க சொல்றவக எல்லாம் செத்துப்போனவக. அவக சாட்சி இங்க நிக்காது. உங்களத் தவிர அந்தப் பாதையில நடந்தவக உசுரோட யாராவது இருக்காகளா?"

பெரியவீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அவர் வயசுக்காரர்கள் எங்கள் தெருவில் எல்லாரும் போய்விட்டார்கள் என்று. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், எல்லாம் மண்ணுக்குள். அப்புறம் அந்தப் பாதையில் எனக்குப் பின்னால், என் நிழலை மிதித்துக்கொண்டே, சுடுது என்னைத் தூக்கிக்கோ என்று அழுதுகொண்டு வந்த ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். தூக்கித் தோளில் வைத்துக்கொள்வேன்.

"ஒருத்தி இருக்கா அய்யா. எழுதிக்கிருங்க. எந்தங்கச்சி, அன்னக்கொடி."